ரேவதி பார்த்துவிட்ட நடுக்கம்

என் சதீஷ் மச்சானே,

போன சனிக்கிழமை மத்தியானம் என் கை நடுங்கியதை உன் ரேவதி பார்த்துவிட்டாள். அதைச் சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன். இத்தனை வருஷத்தில் உனக்கு நான் எழுதியதெல்லாம் போனில் ஒற்றை வரிதான்: "கெளம்பிட்டியாடா?" நீ கண்ணை மூடி ஏழு மாதமாகிறது. எனக்குப் பயமாக இருக்கிறது, மச்சான்.

தாம்பரம் பைக் ஷோரூமில் நீ சேல்ஸ், நான் சர்வீஸ். முதல் நாளே ‘மச்சான்’ என்று கூப்பிட்டாய், எல்லாரையும் கூப்பிடுவதுபோல. மூன்று வருஷம் கழித்து என் தங்கை ரேவதியைக் கட்டிக்கொண்டு நிஜ மச்சானாகவே ஆகிவிட்டாய். வண்டலூர் மண்டப வாசலில் உனக்கு மாலை போட்டபோது, இவனைவிட நல்லவன் அவளுக்குக் கிடைக்க மாட்டான் என்றுதான் நினைத்தேன். இப்போதும் அதை மாற்றிக்கொள்ள மனசு வரவில்லை.

சனிக்கிழமைக்கு மட்டும் என்றுதான் குடிக்க ஆரம்பித்தோம். அப்புறம் டார்கெட் முடிந்தால் குடித்தோம், முடியாவிட்டாலும் குடித்தோம். கடைசியில் ஷோரூம் ஷட்டர் தூக்குவதற்கு முன்னாலேயே நீ குடித்துவிட்டு, வாடை தெரியாமலிருக்கப் பாக்கு மென்றுகொண்டு வந்து நிற்பாய். கீழ்க்கட்டளை வீட்டுக்கு வாங்கிய ஃப்ரிட்ஜும் வாஷிங் மெஷினும் தவணையில். தவணை கட்ட கார்டு. கார்டுக்குக் கட்ட போனில் லோன் ஆப். எல்லாவற்றிலும் ரெஃபரன்ஸ் என்று என் நம்பரைக் கொடுத்தாய்.

"ரேவதிகிட்ட மட்டும் சொல்லிடாத மச்சான். ரெண்டே மாசம், முடிச்சிடுறேன்" என்றாய். நான் சொல்லவில்லை. அதுதான் நட்பு என்று நினைத்துக்கொண்டேன்.

உன் காரியம் முடிந்த மறுநாளே போன் வர ஆரம்பித்தது. "ஆளு செத்துட்டா லோனும் செத்துடுமா சார்? அவரு வொய்ஃப் எந்த கிளினிக்ல ரிசப்ஷன்ல உக்காந்துகினு கீதுன்னு எங்களுக்குத் தெரியும்" என்றான் ஒருத்தன். அவன் அங்கே போய்விடக் கூடாதே என்று என் போனில் ஒரு லோன் எடுத்துக் கட்டினேன். அதைக் கட்ட இன்னொன்று. நீ போன அதே ரோடுதான், மச்சான். போன் அடித்தாலே பயம். அதை அடக்கக் காலையிலேயே ஒரு கட்டிங் போடுவேன். போட்டால்தான் ஸ்பேனர் பிடிக்க முடிந்தது.

அப்படியும் சனிக்கிழமை அவன் கிளினிக்குக்குப் போய்விட்டான். பேஷன்ட்கள் முன்னால் உன் பேரைச் சொல்லிக் கத்தியிருக்கிறான். ரேவதி பாதி வேலையில் எழுந்து பெருங்களத்தூரில் என் அறைக்கு வந்தாள். அவளுக்குத் தண்ணீர் கொடுக்கப் போனேன். டம்ளர் ஆடி அவள் புடவையெல்லாம் சிந்தியது.

"அண்ணா, உன் நம்பர்தான் குடுத்திருக்காராம். உனக்குத் தெரியுமா, தெரியாதா?"

"தெரியும்."

"அவரு தினமும் குடிச்சது?"

"கூடத்தாம்மா இருந்தேன்."

திட்டுவாள், அடிப்பாள் என்று நினைத்தேன். என் மணிக்கட்டைப் பிடித்தாள். அவள் பிடித்த பிறகும் அது நிற்கவில்லை.

"அவருக்கும் காலைல இப்படித்தான் ஆடும். சுகர் கம்மியாயிடுச்சுன்னு சொன்னாரு. நான் தினமும் சர்க்கரை கரைச்சுக் குடுத்தேன்ணா" என்றாள். பிறகு நெடுநேரம் அழுதாள்.

உன்னை நம்பித்தானே அவள் அப்படிக் கரைத்துக் கொடுத்தாள்? அதை வாங்கிக் குடிக்கும்போது உனக்கு என்ன தோன்றியது?

திங்கட்கிழமை என்னை டாக்டரிடம் கூட்டிப்போனாள். ஸ்கேனில் ஈரல் வீங்கியிருக்கிறதாம், ஆனால் இன்னும் உன் அளவுக்கு இல்லையாம். வீட்டில் சட்டென்று நிறுத்தினால் வலிப்பு வரலாம், வார்டில் சேர்ந்துதான் நிறுத்த வேண்டும் என்றார். அங்கிருந்து நேராக போலீஸ் ஸ்டேஷனுக்குப் போய், வந்து மிரட்டியவன்மேல் ரேவதி எழுதிக் கொடுத்தாள். அவன் இன்னும் போன் செய்கிறான். ஆனால் இப்போது அவள் எடுக்கிறாள். "ஸ்டேஷன்ல வந்து பேசுங்க" என்று வைத்துவிடுகிறாள். வைத்ததும் அவள் முகம் வெளுத்துப்போவதை நான் பார்க்கிறேன்.

நாளைக்கு அட்மிஷன். வார்டை நினைத்தால் மஞ்சளாகிப்போன உன் கண்தான் வருகிறது. இதை எழுதும்போதே தெருமுனைக் கடை திறந்திருக்குமா என்று ஒரு மூலையில் நினைப்பு ஓடுகிறது. அதுதான் எல்லாவற்றையும்விடப் பயமாக இருக்கிறது. உனக்கும் இப்படிப் பயம் வந்ததா? பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேனே, ஒரு தடவை சொல்லியிருக்கலாமே. சொல்லியிருந்தால் உன்னைக் கைப்பிடித்துக் கூட்டிப்போயிருப்பேனா, இல்லை இன்னொரு குவார்ட்டர் சொல்லியிருப்பேனா? எனக்கே தெரியவில்லை.

வாக்குக் கொடுக்கிற யோக்கியதை எனக்கு இல்லை. ஆனாலும் ஒன்று சொல்கிறேன். நாளைக் காலை எட்டு மணிக்கு ரேவதி வந்து கதவைத் தட்டுவாள். நான் உள்ளே இருப்பேன். திறப்பேன். பயமாக இருக்கிறது என்று அவளிடமே சொல்வேன்.

ரேவதியின் அண்ணன்,
உன் மச்சான்,
பிரபாகர்