பொம்மைகளுக்கு நடுவே இருந்த கணினி

என் அன்பான வீட்டுக்காரிக்கு,

நான் சுகம். உன் முழங்கால் வலி குறைந்ததா? இந்தக் கடிதத்தை யார் துணையும் இல்லாமல் மூன்று நாளாக நானே எழுதுகிறேன்.

எங்கள் கடையில் கணினிகளைப் பொம்மைப் பகுதியில் வைத்திருந்தார்கள். வருகிறவர்கள் விளையாட்டுச் சாமான் என்று தட்டிப் பார்த்துவிட்டுப் போவார்கள். ஒன்றுகூட விற்கவில்லை. போன வாரம் வந்த பெட்டியில் 'வீட்டுக் கணினி' என்று இருந்ததை எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டேன். வீட்டுக்கு உள்ளதுதானே என்று, மேசை நாற்காலி விற்கும் பகுதியில் ஒரு நல்ல மேசைமேல் எடுத்து வைத்தேன்.

"யாரைக் கேட்டு வச்சீங்க பெரியவரே? நாளைலேருந்து வேலைக்கு வர வேண்டாம்" என்றார் மேலாளர். அதற்குள் ஒரு அம்மாள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, "பிள்ளைங்க படிப்புக்கு ஆகுமா?" என்று மெதுவாகக் கேட்டார். முந்தின நாள் இதைப் பொம்மை என்று சிரித்தவரும் அவர்தான். சாயங்காலத்துக்குள் மூன்று விற்றுப்போய்விட்டன. "மிச்சத்தையும் இங்கயே தூக்கிட்டு வாங்க, நாளைக்கு சீக்கிரம் வந்துடுங்க" என்றார் மேலாளர். அதனால் வேலைக்கு ஒரு ஆபத்தும் இல்லை, பயப்படாதே.

கோடு போட்ட நோட்டு ஒன்று அனுப்பு. இங்கேயும் கிடைக்கும், இருந்தாலும் நீ அனுப்பு. எழுத்தைக் கொஞ்சம் பெரிதாக எழுது. இதுவரை உன் கடிதங்களைப் பக்கத்து அறைச் சமையல்காரர்தான் படித்துக் காட்டினார். அவர் படிப்பாரே என்று நீ எழுதாமல் விட்டதையெல்லாம் இனிமேல் எழுதலாம்.

கடைக்கு நேரமாகிவிட்டது.

உன் வீட்டுக்காரன்