பிட்காயின் கட்டணத்தில் நான் பேரம் பேசியது

காசிமேடு,
ஞாயிறு மாலை.

அன்பு மகன் நிதிஷுக்கு நைனா எழுதுவது. நானும் அம்மாவும் சுகம். போலந்துக் குளிரில் நீயும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்க வேண்டும் என்பதே எங்கள் நினைப்பு. உன் அக்கா அம்முவின் குழந்தைக்குப் பல் முளைத்ததைப் போனிலேயே சொல்லிவிட்டேன், இதைச் சொல்லத்தான் வாய் வரவில்லை, எழுதுகிறேன்.

அறை முன்பணத்துக்கு நீ என் போனில் விட்டுப்போன பிட்காயினை அனுப்பச் சொன்னாயே, அது மூன்று நாள் வழியில் நின்றதற்குக் காரணம் நான்தான். உன் தோஸ்து தௌசீஃப் கல்மண்டபத்தில் தன் போன் கடையில் வைத்து எல்லாம் சரியாகப் போட்டுக் கொடுத்து, அனுப்புகிற கட்டணத்தில் மட்டும் கை வைக்காதே மாமா என்றுதான் சொன்னான். இருபது வருடமாக மீன் ஏலம் விடுகிறவன், சொன்ன விலையைக் கொடுப்பேனா? வீட்டுக்கு வந்து அதை அடிமட்டத்துக்கு இறக்கி அனுப்பினேன், மிச்சம் பிடித்தேன் என்று அம்மாவிடம் பெருமை வேறு.

"இன்னும் வர்ல நைனா, ரூம வேற ஆளுக்குக் குடுத்துருவாங்க போலகீது" என்று நீ அழாத குறையாகச் சொன்னதும் எனக்குத் தௌசீஃப் மேல்தான் சந்தேகம் வந்தது. மறுநாள் மீன் வாங்க வந்த தௌசீஃபைப் பார்த்து ஏலத்தில் அத்தனை பேர் முன்னால், "எம் புள்ள பணத்த இன்னாடா பண்ண, திருட்டுப் பயலே" என்று கத்திவிட்டேன். அவன் என் போனை வாங்கிப் பார்த்தான், பிறகு யாருக்கும் கேட்காதபடி, "கட்டணம் அதிகமா குடுக்குறவங்களோடதத்தான் மொதல்ல எடுப்பாங்க, கம்மியா கேக்குறவனுக்கு நீ கூடைய குடுப்பியா மாமா" என்றான். கட்டணத்தை ஏற்றினான், அரை மணி நேரத்தில் உனக்கு வந்து சேர்ந்தது. மீன் வாங்காமலே போய்விட்டான்.

உனக்கு அறை கிடைத்துவிட்டது, ஆனால் ஏலத்தில் இருந்தவர்களுக்கு அவன் இன்னும் திருடன்தான். நேற்று ஒரு வண்டிக்காரர் பழுது பார்க்கக் கொண்டுவந்த போனை அவனிடம் கொடுக்காமல் திரும்பிப் போனாராம். கடைக்குப் போய் மன்னிப்புக் கேட்டேன், வுடு மாமா என்று டீ வாங்கிக் கொடுத்தான், அதைக் குடிக்கவே கூச்சமாக இருந்தது. கத்தியது ஊர் நடுவில், மன்னிப்பு மட்டும் கடைக்குள்ளேயா? இன்று காலை ஏலத்தில் முதல் கூடைக்கு முன், தப்பு என்னுடையது என்று சொல்லிவிட வேண்டும் என்று நின்றேன், துறைமுகமே கேட்கிற என் குரல் எழும்பவில்லை, வஞ்சிரத்துக்கு விலை கூவிவிட்டேன். வெட்கமாக இருக்கிறது மகனே.

குளிருக்குக் காதை மூடிக்கொண்டு வெளியே போ, வேளைக்குச் சாப்பிடு, தௌசீஃபிடம் பேசு. கடலம்மா உன்னைக் கைவிட மாட்டாள். இந்தக் கடிதம் என் சட்டைப் பையிலேயே இருக்கும். நாளை அதே இடத்தில், அதே சத்தத்தில் சொன்ன பிறகுதான் இதைப் போனில் படம் பிடித்து அனுப்புவேன். இதை நீ படிக்கிறாய் என்றால் சொல்லிவிட்டேன் என்று அர்த்தம்.

உன் நைனா,
பரசுராமன்