பரீட்சைக்கு ஓர் ஒப்பாரி

நேற்றுச் சாயங்காலம் நம் புரோத்ராபூர் வீட்டுக்குள் உன் குரல் கேட்டது. வாசலில் தேங்காய் உரித்துக்கொண்டிருந்தவன் அப்படியே நின்றுவிட்டேன். நீ போய் வருஷங்கள் ஆகின்றன. உள்ளே பாடியது நம் பேத்தி. பாடியது ஒப்பாரி.

உனக்குத் தெரியாத சேதி இது. கல்லூரியில் அவளுக்குக் காமர்ஸ்தான் முக்கியப் பாடம். கூடவே சங்கீதத்தைத் துணைப்பாடமாக எடுத்திருக்கிறாள். வீட்டில் வழங்கும் பாட்டு ஒன்றை மேடம் முன்னால் பாடிக்காட்ட வேண்டுமாம். பக்கத்து வீட்டுக்காரர் செத்த அன்று நீ எடுத்த ஒப்பாரியைப் போனில் பிடித்து வைத்திருந்தாள். அதைக் கேட்டுப் படித்துக்கொண்டாள்.

அந்தக் காலத்தில் ரப்பர் தோட்டத்து லயன் வீட்டு வாசலில், மீன் கழுவிக்கொண்டிருந்த உன்னிடம் ஒருத்தி வந்து, "அக்கா, சும்மா ஒரு ஒப்பாரி எடுத்து விடேன், கேப்போம்" என்றாளே. நீ நிமிரக்கூட இல்லை. "சாவு இல்லாத வீட்டுல எடுத்தா அது ஆளத் தேடும்டி. மொதல்ல ஒம் புருசன் எங்கன்னு பாத்துட்டு வா" என்றாய். அவள் விழுந்தடித்து ஓடினாள்.

நேற்று அது ஞாபகம் வந்து பயந்தேன். அதைவிடப் பெரிய பயம் பாட்டின் அடுத்த அடியில் வந்தது. செத்தவரை முறை சொல்லிக் கூப்பிடும் இடத்தில் நீ 'எங்கூடப் பொறந்த அண்ணே' என்று பாடியிருந்தாய். இவளுக்கு அண்ணன் இல்லை. பாடுகிறவள் முறைக்குத்தான் கூப்பிட வேண்டும் என்று 'என்னப் பெத்த அப்பாவே' என்று போட்டுவிட்டாள்.

அவள் அப்பன், நம் மகன், கப்பல் வேலைக்குப் போனவன், நிக்கோபாரிலிருந்து நேற்றுக் காலையே திரும்பியிருக்க வேண்டும். போன் போகவில்லை. கப்பல் ஜெட்டியில் விசாரித்தால், "மௌசம் கராப் சாச்சா, ஜஹாஸ் லேட்", கடல் மோசம், கப்பல் வரத் தாமதமாகும் என்பதோடு சரி.

"நிறுத்துடி."

"நாளைக்கு பிராக்டிகல் தாத்தா. ராகத்துக்குத்தான் மார்க்கு, சாவுக்கு இல்ல."

"ஒங்கப்பன் தண்ணியில இருக்கான்."

அவள் முகம் வெளுத்துப்போனது. அடுப்படியில் அவள் அம்மா உருட்டிக்கொண்டிருந்த பாத்திரச் சத்தமும் நின்றது.

நான்தான் சொன்னேன். "எடுத்தத பாதியில விடக்கூடாது. அப்பாவ எடுத்துட்டு அப்பாயின்னு போடு. தேடிப் போனாலும் ஏற்கெனவே போனவகிட்டப் போகட்டும்."

"அப்பாயி செத்தன்னிக்கு யாரு தாத்தா எடுத்தா?"

யாரும் எடுக்கவில்லை. அக்கம்பக்கத்துச் சாவுக்கெல்லாம் நீ எடுத்தாய். உன் சாவில் பெண்கள் வெறுமனே அழுதார்கள். பாட்டுத் தெரிந்தவள் நடுவில் படுத்துக் கிடந்தாள்.

அவள் உன்னைக் கூப்பிட்டு முடிவு வரைக்கும் பாடினாள். நான் வாசல் தூணை விடவில்லை.

இப்போது அவள் காலேஜ் பஸ் வரும்வரை, உனக்கு இந்தக் கடிதத்தை நான் சொல்ல அவள் எழுதுகிறாள். ஜஹாஸ் இன்னும் வரவில்லை. மேடம் முன்னால் வாய்ப் பழக்கத்தில் மறுபடி அப்பா என்று வந்துவிட்டால் என்ன பண்ணுவாய் என்று கேட்டேன். பேனாவை நிறுத்திவிட்டு மறுபடி எழுதத் தொடங்குகிறாள்.

அவள் எந்தப் பேரைச் சொன்னாலும் நீயே திரும்பிப் பார், புள்ள. நம் மகன் காதில் விழுவதற்குள் நீ முந்திக்கொள்.