மங்களூருக்குச் சைக்கிளில் போன அக்காவுக்கு

நம் சந்தில் ரோடு போடுகிறார்கள், அக்கா. கோயில் வாசலிலிருந்து மார்க்கெட் முனை வரை சரளைக்கல்லைக் கொட்டிப் பரப்பி வைத்திருக்கிறார்கள். நேற்றுச் சாயங்காலம் அதன்மேல் கோடை மழை பெய்தது. வெயிலில் காய்ந்து கிடந்த கல்லிலிருந்து ஒரு வாசனை கிளம்பி வீட்டுக்குள் வந்தது. சட்டை மாட்டிக்கொண்டிருந்த நான் ஒரு கை உள்ளேயும் ஒரு கை வெளியேயுமாக அப்படியே நின்றுவிட்டேன். சக்லேஷ்பூருக்கு அப்பால், மலை இறங்கும் சாலையில், நீயும் நானும் நனைந்துகொண்டு நின்றபோது வந்த வாசனை அது.

நீ போய் ஒரு வருடம் ஆகப்போகிறது. உன்னிடம் சொல்ல வேண்டியது ஒன்று இந்த வாரம்தான் என் கைக்கு வந்தது. அதைச் சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

பல வருடத்துக்கு முன்னால், நீ மங்களூருக்குக் கிளம்பிய அந்தக் கோடையில், நம் வீடு வீடாக இல்லை. நீ பள்ளிக்கூடத்து வேலையை விட்டுவிட்டு மங்களூர் மடத்தில் கன்னியாஸ்திரியாகச் சேரப் போவதாகச் சொன்ன நாளிலிருந்து அம்மா உன்னோடு பேசவில்லை. கோலார் தங்கவயல் மாப்பிள்ளை வீட்டாருக்கு அவள் ஏற்கெனவே வாக்குக் கொடுத்திருந்தாள். பேச்சை நிறுத்துவதற்கு முன்னால் அவள் சொன்ன கடைசி வாக்கியம் எனக்கும் கேட்டது. “சாமி கூப்பிட்டாருன்னு என்கிட்ட கதை சொல்லாத. என்கூட ஒரே வீட்ல இருக்கப் பிடிக்கல உனக்கு. அதான் போற.” நீ சோற்றுத் தட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாய்.

அதற்கு மேல் நீ சைக்கிளில்தான் போவேன் என்றாய். அப்பா தன் கடையில் டியூப் ஒட்டிக்கொண்டிருந்தவர் தலையை நிமிர்த்திப் பார்த்தார். சிவாஜிநகரில் சைக்கிள் கடை வைத்திருப்பவரின் மகள் சைக்கிள் ஓட்டுவது அதிசயமில்லை. நீ தினமும் பள்ளிக்கூடத்துக்கு அதில்தான் போய்வந்தாய். ஆனால் மங்களூர் மலைக்கு அந்தப் பக்கம் இருக்கிறது.

“ரயில்ல போனா யாரோ கொண்டுபோய் விட்ட மாதிரி இருக்கும்பா. என் கால்ல போகணும்” என்றாய்.

அப்பா வேண்டாம் என்று சொல்லவில்லை. உன் லேடீஸ் சைக்கிளையும் எனக்கு ஒரு சைக்கிளையும் பிரித்துப் போட்டுக் கழுவி, பிரேக் கட்டைகளை எல்லாம் புதிதாக மாட்டினார். அம்மாவும் ஒப்புக்கொண்டதுதான் எனக்கு ஆச்சரியம். கிளம்புவதற்கு முன்தினம் சமையல்கட்டுக்கு என்னைக் கூப்பிட்டுச் சொன்னாள். “நாலு நாள் வெயில்ல மிதிச்சா இந்த ஆசையெல்லாம் போயிடும். எங்கயாவது வழியில உக்காந்துடுவா. அப்ப நீ ஒரு வார்த்தை சொல்லு, போதும். அவள திருப்பிக் கூட்டிட்டு வா.” நான் சரி என்றேன். எனக்கும் அதுதான் ஆசை. நீ இல்லாத அந்த வீட்டை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

நெலமங்களா தாண்டியதும் தார் முடிந்து சரளைக்கல் சாலை ஆரம்பித்தது. நீ புடவையை இழுத்து இடுப்பில் செருகிக்கொண்டு, கேன்வாஸ் ஷூ போட்டு, தலையில் ஒரு துண்டைக் கட்டியிருந்தாய். சக்கரம் கல்லில் ஏறி ஏறி விழுந்ததில் பேச முடியாமல் பல் இடித்தது. குனிகலில் டீக்கடைக்காரர் உன்னை மேலும் கீழும் பார்த்தார்.

“எல்லிகம்மா?”

“மங்களூருகெ.”

“சைக்கல்லா?” என்று கேட்டுவிட்டு அவர் என்னைப் பார்த்தார், உண்மையா என்பதுபோல. நான் தலையாட்டினேன். அவர் இரண்டு வாழைப்பழத்தை எடுத்து உன்னிடம் மட்டும் கொடுத்தார். சாலைக்கு வந்ததும் நீ அதில் ஒன்றை எனக்குக் கொடுத்துவிட்டு, “உன் மூஞ்சியப் பாத்து நீ பாதியில திரும்பிடுவேன்னு நெனச்சிருப்பாரு” என்றாய். சொல்லிவிட்டுச் சிரித்தாய்; வீட்டில் மாதக்கணக்காக இல்லாத சிரிப்பு அது.

சென்னராயபட்டணாவுக்கு முன்னால் என் டயர் இரண்டு தடவை பஞ்சரானது. ஹாசனில் பங்குச் சாமியாரின் பங்களாவில் தங்கிக்கொண்டோம். உன் உள்ளங்கை கொப்புளமாகி உடைந்திருந்தது. துணியைச் சுற்றிக்கொண்டு அடுத்த நாளும் கைப்பிடியைப் பிடித்தாய். நான் ஒவ்வொரு மேட்டிலும் உன்னைத் திரும்பிப் பார்த்தேன். இங்கே உட்காருவாளா, இங்கே உட்காருவாளா என்று. நீ உட்காரவில்லை. எனக்குச் சந்தோஷமாகவும் இருந்தது, அம்மாவிடம் என்ன சொல்வது என்றும் இருந்தது.

சக்லேஷ்பூரில் அப்பாவுக்குத் தெரிந்த எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டர் வீட்டில் இறங்கினோம். காப்பித் தோட்டத்து ஈரமும் குளிரும் நமக்குப் புதிது. ரைட்டரின் மனைவி உன் பையை வாங்கி வைத்துக்கொண்டே, “கல்யாணத்துக்கா போறீங்க?” என்று கேட்டார்.

“அப்படித்தான் வெச்சுக்குங்களேன்” என்றாய். அதற்குப் பிறகு அன்று முழுவதும் நீ தனியாகப் போய் உட்கார்ந்திருந்தாய். ஜெபமாலையைக் கையில் வைத்திருந்தாய்; மணி நகர்ந்ததாகத் தெரியவில்லை.

மறுநாள் மலை இறங்கினோம். ஒரு பக்கம் பாறை, ஒரு பக்கம் காடு விழுந்து கிடக்கும் பள்ளம். பிரேக்கைப் பிடித்துப் பிடித்து விரல் மரத்துப்போனது. கொஞ்ச தூரத்தில் மழை பிடித்துக்கொண்டது. ஒரு வளைவில் பாறைக்குக் கீழே ஒதுங்கினோம். சூடான கல்லில் மழை விழுந்து ஆவி எழும்பியது. மழை நின்ற பிறகும் நீ சைக்கிளை எடுக்கவில்லை.

“எனக்குப் பயமா இருக்குடா” என்றாய்.

“இறங்கறதுக்கா? தள்ளிக்கிட்டே போலாம்க்கா.”

“அது இல்ல. அம்மா சொன்னது நெசமோன்னு பயமா இருக்கு. சாமிக்காகப் போறேனா, அம்மாகிட்டேருந்து ஓடறேனான்னு எனக்கே தெரியல.”

நான் எதற்காக அனுப்பப்பட்டேனோ அந்த நிமிஷம் வந்துவிட்டது. வாயைத் திறப்பதற்குள் நீ சைக்கிளைத் திருப்பினாய். வந்த வழியிலேயே, மேட்டில், தள்ளிக்கொண்டு நடக்க ஆரம்பித்தாய்.

நான் பின்னால் வந்தேன். ஒரு வார்த்தைகூடச் சொல்லாமல் காரியம் முடிந்துவிட்டது என்று நினைத்தேன். அம்மாவின் முகத்தை நினைத்துக்கொண்டேன். அப்புறம் உன் முதுகைப் பார்த்தேன். ஈரப் புடவை காலைச் சுற்ற, கல்லில் வழுக்க வழுக்க, சைக்கிளின்மேல் சாய்ந்து தள்ளினாய். வீட்டுக்குப் போகிறவள் தள்ளுவதுபோல எனக்குத் தெரியவில்லை.

கீழேயிருந்து முனகிக்கொண்டு வந்த லாரி ஒன்று நம் பக்கத்தில் நின்றது. “ஹத்தி அம்மா, மேலே பிடுத்தீனி” என்றான் டிரைவர். சைக்கிளோடு ஏறிக்கொள்ளச் சொல்லிப் பின்பலகையை இறக்க ஆளையும் அனுப்பினான். நீ வேண்டாமென்று கையை அசைத்தாய். “ஏன்க்கா, எப்படியும் மேலதானே போறோம்?” என்றேன். நீ திரும்பிப் பார்க்காமல், “நடந்துதான் வரணும்” என்றாய். லாரி நம்மைத் தாண்டிப் போய் வளைவில் மறைந்தது.

உச்சிக்கு வந்தபோது உனக்கு மூச்சு இரைத்தது. அங்கிருந்து சக்லேஷ்பூர்ச் சாலை பரந்து தெரிந்தது. ஏறி உட்கார்ந்தால் போதும், வீடு அந்தப் பக்கம். பட்டாளத்துத் தண்ணீர்க் குடுவையை எடுத்துக் குடித்தாய். குடித்துவிட்டு என்னைப் பார்த்தாய்.

“நீ ஏதாவது சொல்லணுமா?”

அம்மாவின் வாக்கியம் என் நாக்கில் தயாராக இருந்தது. அதை நான் வழியெல்லாம் சொல்லிப் பார்த்து வைத்திருந்தேன். ஆனால் என் வாயிலிருந்து வந்தது வேறு.

“தண்ணிய எல்லாம் குடிச்சிடாத, எனக்கும் வெச்சிரு.”

நீ குடுவையை நீட்டினாய். கொஞ்ச நேரம் அந்தச் சாலையையே பார்த்துக்கொண்டு நின்றாய். பிறகு சொன்னாய்: “இறங்கறது லேசா இருக்கேன்னு இறங்கிட்டேனோன்னு சந்தேகம் வந்துச்சு. அதான் ஏறிப் பாத்தேன்.”

“இப்ப?”

“இப்ப காலு வலிக்குது. மத்தபடி அதேதான். வா, போலாம்.”

மங்களூரில் செம்மண் சுவரும் ஓட்டுக் கூரையுமாக இருந்தது மடம். கதவைத் திறந்த சிஸ்டர், சேறு அப்பிய உன் புடவையையும் துணி சுற்றிய கையையும் பார்த்து, வேறு ஏதோ உதவி கேட்டு வந்தவர்கள் என்று நினைத்துவிட்டார். உள்ளே போவதற்கு முன் நீ சைக்கிளை என் கையில் கொடுத்தாய். “பின் சக்கரத்துல ஒரு கம்பி லூசா இருக்கு, அப்பாகிட்ட சொல்லு” என்றாய். அவ்வளவுதான். நான் இன்னும் ஏதோ வரும் என்று நின்றேன். கதவு மூடிக்கொண்டது.

பஸ் கூரையில் இரண்டு சைக்கிளையும் கட்டிக்கொண்டு நான் மட்டும் வந்தேன். வாசலில் நின்ற அம்மா முதலில் சைக்கிள்களைப் பார்த்தாள். அப்புறம் எனக்குப் பின்னால் தெருவைப் பார்த்தாள். உள்ளே போய்விட்டாள். அப்பா உன் சைக்கிளைத் துடைத்து, அந்தக் கம்பியை முறுக்கி, கடைக்குள் உயரமாக மாட்டி வைத்தார். வாடகைக்குக் கேட்டவர்களுக்குக் கொடுக்கவில்லை. அம்மா என்னோடு பேச அந்த வருடத்துக் கிறிஸ்துமஸ் வர வேண்டியிருந்தது. அப்போதும் மலையைப் பற்றி ஒரு கேள்வி கேட்கவில்லை.

அப்பா இறந்தபோது உனக்கு வர அனுமதி கிடைக்கவில்லை. பிறகு ஒரே ஒரு தடவை, இன்னொரு சிஸ்டரோடு வந்தாய். முக்காட்டுக்குள் உன் முகம் சின்னதாகத் தெரிந்தது. உன் சொந்த வீட்டில் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தாய். அம்மா விருந்தாளிகளுக்கு எடுக்கும் கண்ணாடித் தம்ளரில் காப்பி கொண்டுவந்து வைத்துவிட்டுக் கதவோரம் நின்றாள்.

“அங்க வெயில் அதிகமா?” என்று கேட்டாள்.

“இருக்கும்மா” என்றாய்.

இத்தனை வருடத்துக்கும் சேர்த்து உங்கள் இருவருக்குள்ளும் நடந்த பேச்சு அதுதான். பஸ் ஸ்டாண்டுக்கு உங்களோடு நடந்து வந்தபோது கேட்டேன். “நல்லா இருக்கியாக்கா?” கூட வந்த சிஸ்டர் பக்கத்திலேயே நடந்தார். “பள்ளிக்கூடத்துப் பிள்ளைங்க நல்லாப் படிக்குதுங்கடா” என்றாய். அதை நான் எப்படி எடுத்துக்கொள்வது என்று இன்றுவரை தெரியவில்லை.

போன மழைக்காலத்தில் உனக்கு மஞ்சள் காமாலை என்றும், அடக்கம் முடிந்துவிட்டது என்றும் ஒரே தந்தியில் வந்தது. அம்மா அழவில்லை. அன்றும் உலை வைத்தாள், சாப்பிடக் கூப்பிட்டாள்.

இந்த வாரம்தான், முறத்தில் அரிசியை வைத்துக் கல் பொறுக்கிக்கொண்டிருந்தவள், தலையைத் தூக்காமல் கேட்டாள்.

“மலையில அவ ஒரு தடவையாவது திரும்பிப் போலாம்னு சொன்னாளாடா?”

இத்தனை காலம் கழித்து அவளிடம் எதை மறைப்பது? பாறையடியில் நீ சொன்னது, சைக்கிளைத் திருப்பியது, லாரியில் ஏற மறுத்தது எல்லாம் சொன்னேன். அவள் கை நின்றுவிட்டது.

“தள்ளிக்கிட்டா ஏறினா?”

“ஆமாம்மா. உச்சி வரைக்கும்.”

“நீ என்ன சொன்ன?”

“ஒண்ணும் சொல்லலம்மா.”

அம்மா அரிசியை விரலால் அளைந்தாள். “ஒரு வார்த்தை சொல்லியிருந்தா வந்திருப்பா” என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. இரண்டு கல்லைப் பொறுக்கி எறிந்தாள். அப்புறம் அதே குரலில், “வந்திருந்தா என் மூஞ்சியில முழிச்சிருக்க மாட்டா” என்றாள்.

உன்னிடம் சேர்க்க வேண்டியது இந்த இரண்டு வாக்கியமும்தான், அக்கா. எது சரி என்று எனக்குத் தெரியாது. வேலைக்குப் போகும்போது முதலாவது சரியென்று தோன்றுகிறது. திரும்பி வரும்போது இரண்டாவது.

அதற்குப் பிறகு அம்மா தினமும் கேட்கிறாள். சாப்பிடும்போது, பூசைக்குக் கிளம்பும்போது, சம்பந்தமே இல்லாமல். “உச்சி வரைக்கும் வந்தாளா?” நான் ஒவ்வொரு தடவையும் முதலிலிருந்து சொல்கிறேன். நீ தண்ணீர் குடித்த இடம் வந்ததும் நிறுத்திக்கொள்கிறேன். குடித்துவிட்டு நீ என்னைப் பார்த்தாயே, அதை மட்டும் அவளுக்குச் சொல்லவில்லை. நான் ஏதாவது சொல்ல வேண்டுமென்று பார்த்தாயா, சொல்லிவிடக் கூடாதே என்று பார்த்தாயா? அது தெரியாமல் அம்மாவிடம் எப்படிச் சொல்வது? என்னிடமே இருக்கட்டும்.