சீமாட்டியின் முதுகு

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கு நலம். உன் நலத்தையும் இடுப்புக் கட்டை எப்போது அவிழ்ப்பார்கள் என்பதையும் அறிய ஆவல்.

முதலில் ஒரு துக்கச் செய்தி. படுத்துக்கொண்டுதான் இருப்பாய், நல்லதாகப் போயிற்று. என் நீலக் கம்பளிக் குல்லா நேற்றுக் காலை காலமானது. சீமாட்டி மென்று துப்பிவிட்டாள். நல்லடக்கம் லாயத்துக் குப்பைக்குழியில் நடந்தது. அப்பா பக்கத்தில்தான் நின்றார். சிரிக்கவில்லை. அவள் உன்னைக் கீழே தள்ளிய நாளிலிருந்து அவர் சிரிப்பதே இல்லை.

'அந்தக் குதிரைய வித்துடச் சொல்லு, இனிமே நான் ஏறப்போறதில்ல' என்று நீ சொன்னதாக ஆஸ்பத்திரியிலிருந்து அம்மா போன் செய்தாள். அப்பாவிடம் போனைக் கொடுத்தால் நீ பேச மாட்டேன் என்கிறாய். நான் குதிரை என்று ஆரம்பித்தாலே போனை வைத்துவிடுகிறாய். அதனால்தான் இந்தக் காகிதம். மாதக் கடைசியில் ஒருவர் குதிரை பார்க்க வருகிறார். செங்கல் வண்டி இழுக்க வேண்டுமாம். நம் சீமாட்டி, செங்கல்!

ஆகவே சபையோருக்கு அறிவிப்பது: அவளைப் பழக்கும் பொறுப்பை நான் ஏற்றுக்கொண்டேன்.

இந்த வடநாட்டு மலைக் குளிரில், காலையில் வாளித் தண்ணீர் மேலே கண்ணாடியாக உறைந்திருக்கும். அதை உடைத்த பிறகுதான் மற்றதெல்லாம். கடிவாள இரும்பை அப்பா கக்கத்தில் இடுக்கிக்கொண்டே டீ குடிக்கிறார். சில்லென்ற இரும்பை வாயில் வைத்தால் அவளுக்கும் பல் கூசுமே. பிறகு முதுகில் போர்வையோடு சுற்றுக்கயிறு. நீளக் கயிற்றைப் பிடித்து அப்பா நடுவில் நிற்க, அவள் அவரைச் சுற்றி வட்டமாக நடப்பாள், வலமாகக் கொஞ்சம், இடமாகக் கொஞ்சம். முதலில் முதுகு வில்லாக விறைத்திருக்கும், காது இரண்டும் பின்னால் மடங்கியிருக்கும். அந்த முதுகில் யார் ஏறினாலும் பறக்க வேண்டியதுதான். உடம்பு சூடாகித் தலையைத் தாழ்த்தி ஒரு பெருமூச்சு விட்டாளோ, போர்வையை எடுத்துவிட்டுச் சேணம். வயிற்றுப் பட்டையைக்கூட நடக்க விட்டு விட்டு, ஒவ்வொரு துளையாகத்தான் இறுக்குகிறோம்.

நீ விழுந்த அன்று இதில் எதையும் செய்யவில்லை. நேரமாகிவிட்டதென்று சேணத்தைப் போட்டு உன்னை ஏற்றிவிட்டது யாரென்று உனக்கே தெரியும். என்னிடம் அவர் அதைப் பற்றி வாய் திறப்பதில்லை. வட்டத்துக்கு நடுவில் நிற்கும்போது மட்டும், 'எல்லாம் என் அவசரம்டி' என்று குதிரையிடம் சொல்கிறார். எனக்குக் காது கேட்காது என்று நினைப்பு.

நேற்று நான் ஏறினேன். நடை, ஓட்டம், திருப்பம், எல்லாம் ஆயிற்று. சேணத்தில் சிங்கம் மாதிரி உட்கார்ந்திருந்தேன். பழகிவிட்டாள் அக்கா, விற்க வேண்டாம்.

நீ ஏற வேண்டாம். ஏறவே வேண்டாம். அப்பாவுக்கு ஒரு போன் மட்டும் போடு. 'வித்துராதீங்கப்பா' என்று நீயாகச் சொன்னால்தான் உண்டு. அவராகக் கேட்க மாட்டார். 'எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டுடா கேக்குறது' என்பதோடு சரி.

சீக்கிரம் எழுந்து நடந்து வீடு வந்து சேர். என் காதைத் திருக இங்கே ஆளில்லை.

இப்படிக்கு,
உன் அருமை வால்
(லாயத்தில் இருப்பது அடுத்த வால்)

பி.கு.: ஓட்டமெல்லாம் இல்லை. அப்பா கயிற்றைப் பிடித்திருக்க, நடைதான். அதிலும் லாயக் கூரையிலிருந்து பனி சரிந்து பொத்தென்று விழவும் அவள் துள்ள, சிங்கம் அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டு 'அப்பா' என்று அலறியது. அப்பா கயிற்றை இழுப்பதற்குள் அவளே நின்றுவிட்டாள். நான் வழுக்கி இறங்கும்வரை அசையவில்லை. கீழே விழுந்தது குல்லா மட்டும்தான். இன்று உன் சிவப்புக் குல்லாவைக் கேட்காமல் எடுத்துப் போட்டுக்கொண்டேன், திட்டாதே. அதை அவள் மெல்லவில்லை. மூக்கை அதன்மேல் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் நின்றாள்.