கணக்கு பஸ்ஸில் அறுபத்து மூன்று பேர்

ஜூலை 8, செவ்வாய்

தரத்தேர்வின் முடிவு வந்துவிட்டது. ஆறாம் வகுப்பு முழுவதும் ஒரே தாளில், கட்டம் கட்டமாக. பச்சை, மஞ்சள், சிவப்பு. என் பிரிவில் 'கழித்தல்' என்ற இடத்தில் பாதிக்கு மேல் சிவப்பு.

தலைமையாசிரியர் கூப்பிட்டார். கோபப்படவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

"சிவப்புல இருக்கிற பிள்ளைங்கள தனியா பிரிச்சிடலாம் டீச்சர். திங்கட்கிழமை பட்டியலை மேல அனுப்பணும்."

தலையாட்டிவிட்டு வந்தேன். எனக்கு எப்போதும் தலையாட்டத்தான் வருகிறது.

தனிப்பிரிவு என்றால் மாடிப்படிக்கு அடியில் இருக்கும் அறை. போன வருஷம் அங்கே போனவர்களில் ஒரு பிள்ளைகூடத் திரும்பி வரவில்லை. ஒன்றும் ஒன்றும் இரண்டு என்று வருஷக் கடைசிவரை ஓட்டுவார்கள். பட்டியலில் கொசுவும் இருக்கிறாள். இத்தனூண்டு உருவம், ஓயாமல் காதோரம் ரீங்காரம். வகுப்பே வைத்த பெயர். அவளுக்கா கழித்தல் தெரியாது?

ஜூலை 9

கழித்தலை நன்றாகத்தான் நடத்தினேன். நடத்தினேனா?

ஜூலை 10, வியாழன்

ராத்திரி வீட்டில் சாப்பிடும்போது இவரிடம் சொன்னேன். இந்த மாதிரித் தேர்வுகளில் எனக்கு நம்பிக்கை இல்லை, ஒரு காலைநேரத்தை வைத்து ஒரு பிள்ளையை எடை போட முடியாது என்றேன்.

"போன வருஷம் உன் கிளாஸ் பச்சையா வந்துச்சே, அப்ப நம்பிக்கை இருந்துச்சா?"

எழுந்து தட்டைக் கழுவினேன். தேர்வைக் குறை சொல்வது என் மானத்தைக் காப்பாற்றத்தானோ? அப்படியும் இருக்கலாம்.

ஜூலை 11, வெள்ளி

விடைத்தாள்களை அலுவலகத்தில் கேட்டு வாங்கினேன். கொசுவைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டேன். கேள்வி இது: பேருந்தில் மொத்தம் 45 பேர் இருந்தனர். 18 பேர் இறங்கினர். இப்போது எத்தனை பேர்? அவள் விடை 63.

"எப்படி வந்துச்சு?"

"'மொத்தம்'னு இருக்குல்ல டீச்சர். 'மொத்தம்'னா கூட்டணும்."

"ஆளு இறங்கினா பஸ்ல கூட்டம் கூடுமா?"

என்னைப் பரிதாபமாகப் பார்த்தாள். "நிஜ பஸ்ல குறையும் டீச்சர். இது கணக்கு பஸ்."

45-லிருந்து 18 போனால் எவ்வளவு என்று மொட்டையாக எழுதிக் கொடுத்தேன். நான் பேனாவை மூடுவதற்குள் 27 என்றாள். மற்ற சிவப்புப் பிள்ளைகளையும் கூப்பிட்டுப் பார்த்தேன். ஏறக்குறைய எல்லோரும் அதே கதை. ஆக, தேர்வு பொய் சொல்லவில்லை. நாங்கள்தான் அதைத் தப்பாகப் படித்துவிட்டோம். பிள்ளைகளுக்குக் கழிக்கத் தெரியும். கணக்கைப் படிக்கத் தெரியவில்லை. ஒரு சொல்லைத் தேடிப் பிடித்துவிட்டு மிச்சத்தை விட்டுவிடுகிறார்கள்.

அந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது என்று யோசிக்கவே வேண்டாம். எல்லா வகுப்புச் சுவரிலும் பெரிய அட்டை தொங்குகிறது: 'மொத்தம் என்றால் கூட்டு, மீதி என்றால் கழி.' நானும் அதைக் குச்சியால் தொட்டுத் தொட்டுத்தான் நடத்துகிறேன். அட்டை தலைமையாசிரியரின் சொந்தக் கண்டுபிடிப்பு. வருகிற அதிகாரிகளிடமெல்லாம் காட்டுவார்.

ஜூலை 13, ஞாயிறு

தனிப்பிரிவில் நாள் முழுக்க அந்த அட்டையைத்தான் ஒப்பிக்க வைப்பார்கள். தலைமையாசிரியரிடம் சொல்லியாக வேண்டும். யார் சொல்வது? என் ஒப்பந்தம் வருஷா வருஷம் அவர் கையெழுத்தில்தான் நீள்கிறது. இந்த வயதில் வேறு எந்தப் பள்ளி என்னைச் சேர்க்கும்? துணி மடிக்கும்போது வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தேன். குரல் எனக்கே கேட்கவில்லை.

ஜூலை 14, திங்கள்

காலையில் அவர் அறைக் கதவுவரை போய்த் திரும்பிவிட்டேன். தண்ணீர் குடித்துவிட்டு மறுபடி போனேன். மறுபடி திரும்பினேன். மதியம்தான் உள்ளே போய், விடைத்தாள்களை விரித்து, எல்லாவற்றையும் சொன்னேன்.

"அப்ப என் அட்டைதான் தப்புங்கறீங்க."

"பிள்ளைங்க மக்கு இல்லைங்கறேன் சார்."

கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"பட்டியல் காலையிலேயே போயிடுச்சு டீச்சர்."

காலையிலேயே. நான் கதவுக்கு இந்தப் பக்கம் நின்றிருந்தபோது.

"இவ்வளவு தெரிஞ்ச நீங்களே அந்தப் பிரிவை எடுத்துக்கங்க. அடுத்த தேர்வுலயும் சிவப்புன்னா, அப்புறம் உங்களைப் பத்திப் பேசுவோம்."

வெளியே வந்ததும் வராந்தா பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன். தண்டனையா, சலுகையா? எனக்குப் பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை.

ஜூலை 16

படிக்கு அடியில் முதல் நாள். தலைக்கு மேல் காலடிச் சத்தம் கேட்கும்போதெல்லாம் பிள்ளைகள் நிமிர்ந்து பார்க்கிறார்கள். நானும்தான்.

ஜூலை 24, வியாழன்

இன்று எண்ணே இல்லாத கணக்குகள் கொடுத்தேன். 'ஒரு பெட்டியில் பென்சில்கள் இருந்தன. மொத்தத்தில் சில உடைந்திருந்தன.' என்ன நடந்தது என்று மட்டும் சொல்ல வேண்டும்.

"நம்பரே இல்லாம எப்படி டீச்சர் தப்பாப் போடறது?" என்றாள் கொசு. நிஜமான கவலை. சிரித்துவிட்டேன்.

சிரித்தபடி திரும்பினால், ஜன்னலில் தலைமையாசிரியர். எப்போதிலிருந்து நின்றாரோ தெரியாது. பிள்ளைகள், பென்சிலை யார் உடைத்தது, மிச்சம் நல்லதா என்று கத்திக்கொண்டே இருந்தார்கள். கேட்டுக்கொண்டு நின்றார். பிறகு போய்விட்டார்.

மாலை வரை வேலை போயிற்று என்றே நினைத்தேன். பை எடுத்துக் கிளம்பும்போது அலுவலக உதவியாளர் ஓடி வந்தார்.

"அந்த நம்பர் இல்லாத கணக்கு அஞ்சாறு எழுதித் தரணுமாம் டீச்சர். எல்லா கிளாசுக்கும் சார் கொடுக்கப் போறாராம். யார் எழுதினதுன்னு பேர் மட்டும் போட வேண்டாமாம்."

அங்கேயே நின்று எழுதிக் கொடுத்தேன். பேர் போடவில்லை.