ஓரத்தில் நான்கு விரல்

அன்புள்ள பெரியவனுக்கு,

அம்மா எழுதிக்கொள்வது. நானும் அப்பாவும் நலம், அப்பாவின் முழங்கால் மட்டும் மழை வந்தால் முணுமுணுக்கிறது. நீயும் மருமகளும் அங்கே சுகம் என்று உன் தங்கை சொல்கிறாள், உன் வாயால் கேட்காதவரை எனக்கு அது உறுதியாகாத தகவல்தான். எலுமிச்சைச் சாறு சர்க்கரை நோயை விரட்டும் என்று குடும்பக் குழுவில் நீ அனுப்பிய செய்தி பொய் என்று சம்பந்தி வீட்டார் முன்னால் நான் சொன்னதற்கு, குழுவை விட்டும் போனாய், என் போனையும் எடுப்பதில்லை. உன் அப்பா அதை நம்பி மாத்திரையை நிறுத்தப் பார்த்தாரே, நான் வாயை மூடிக்கொண்டா இருப்பேன்? சரி, போகட்டும், விஷயத்துக்கு வருகிறேன்.

போன வாரம் ஒரு பெண் போன் செய்து, ஆசிரியர் சங்கத்துல இருந்து பேசுறேன் டீச்சர், செய்தியைச் சந்தேகப்பட்டுப் படிக்கப் பள்ளிக்கூடத்துலயே கத்துக்கொடுக்கணும்னு இத்தனை வருஷமா போராடினீங்களே, அதுக்காக உங்களை மேடையில கௌரவிக்கப் போறோம் என்றாள். குரலில் தேன் ஒழுகியது, எனக்குப் பொறி தட்டியது. அந்தப் பாடத்தைச் சேர்க்கச் சொல்லி நான் கல்வி அலுவலகத்துக்கு நடையாய் நடந்தபோது உட்காரச் சொல்லக்கூட ஆளில்லை, ஓய்வு பெற்ற பிறகு கௌரவமாம்! யார் சொல்கிறார்கள், சொல்வதால் அவர்களுக்கு என்ன லாபம் என்று வகுப்பில் கேட்கும் கேள்விகளை அவளிடமே கேட்டேன், திணறினாள். அடுத்து பேங்க் கணக்கு நம்பர் கேப்பே, அதானே, வேற ஆளைப் பாரும்மா என்று வைத்துவிட்டேன். உனக்கு நல்லது நடந்தாலும் நீ போலீஸைத்தான் கூப்பிடுவே என்று அப்பா சிரித்தார். அவருக்கென்ன, எவன் எதைச் சொன்னாலும் தலையாட்டுகிற மனுஷன்.

நேற்று அந்தப் பெண்ணே சங்கத் தலைவரைக் கூட்டிக்கொண்டு வாசலில் வந்து நின்றாள். கம்பிக் கதவைத் திறக்காமல் அடையாள அட்டையைக் கேட்டேன். அதையும் நம்பாமல் சங்கத்துக்கு நானே போன் போட்டு விசாரித்தேன், உண்மைதான். அசடு வழிய உள்ளே கூப்பிட்டுத் தேநீர் கொடுத்தேன். அழைப்பிதழை நீட்டினார்கள், அதில் என் படம். இது உங்களுக்கு எப்படிக் கிடைத்தது என்றேன். தலைவர் மின்விசிறியைப் பார்த்தார். சொல்லக் கூடாதுன்னு சொல்லியிருக்காங்க டீச்சர் என்றாள் அந்தப் பெண். நான் விடுவேனா? படத்தின் நடுவைப் பார்க்காதே, ஓரத்தைப் பார், வெட்டியவன் அங்கேதான் மாட்டுவான் என்று எத்தனை பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். பார்த்தேன். என் தோளில் நான்கு விரல், பச்சைக் கோடு போட்ட சட்டைக் கை. நீங்கள் வெளிநாட்டுக்குக் கிளம்பிய அன்று விமான நிலையத்தில் மருமகள் தன் போனில் எடுத்த படம், எங்களுக்கு அனுப்பவே இல்லை. அடேய், உன்னை வெட்டத் தெரிந்தவனுக்கு உன் விரலை வெட்டத் தெரியவில்லையா! என்னோடு பேசாமல் இருந்துகொண்டே, சங்கத்திடம் என்னைப் பற்றிச் சொல்லி, படமும் கொடுத்து, எனக்காக இத்தனையும் செய்திருக்கிறாய். அவர்கள் போனதும் அடுப்படியில் நின்று அழுதேன். அப்பாவிடம் வெங்காயம் என்றேன், எதையும் நம்புகிற மனுஷன் அதை மட்டும் நம்பவில்லை.

எலுமிச்சைச் செய்தி பொய்தான், அதில் நான் இறங்கி வரமாட்டேன். ஆனால் ஒன்று கேட்கிறேன். விழாவில் குடும்பத்துக்கு முன்வரிசையில் நான்கு நாற்காலி போட்டிருக்கிறார்களாம். அப்பாவுக்கு ஒன்று, தங்கைக்கு ஒன்று, மீதி இரண்டும் யாருக்கு என்றேன். அந்தப் பெண் தேநீரையே பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்கு நேற்றிலிருந்து ஒரே சந்தேகம். வாழ்நாளில் இந்த ஒரு சந்தேகமாவது சரியாக இருக்க வேண்டும் என்று தவிக்கிறேன்.

இருவரும் நோய்நொடி இல்லாமல், சண்டை சச்சரவு இல்லாமல் நீடூழி வாழ வேண்டும். நேரத்துக்குச் சாப்பிடு, வந்த செய்தியையெல்லாம் அனுப்பாதே. வருவதாக இருந்தால் அந்தப் பச்சைக் கோட்டுச் சட்டையைப் போட்டுக்கொண்டு வா, கதவைத் திறந்தே வைத்திருப்பேன், அடையாள அட்டை கேட்கமாட்டேன்.

இப்படிக்கு,
சந்தேகப் பிராணியான உன் அம்மா